மூச்சு திரும்பும் நேரம்

செம்பாக்கத்தில் நாங்கள் குடியிருப்பது இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. சென்ற வாரம் காய்கறிப் பையுடன் ஏறி வந்து நின்ற கணத்தில் கைப்பேசி ஒலித்தது. எடுத்துவிட்டேன், பேச வரவில்லை. மறுமுனையில் மனைவி பதறிவிட்டாள். அந்த அரை நிமிடத்தில் என் நினைவுக்கு வந்தவன் ஒரு மாணவன்.

பத்தாண்டுகளுக்கு முன், வகுப்பில் தொல்காப்பியத்தின் பிறப்பியலை நடத்திக்கொண்டிருந்தேன். எழுத்தொலிகள் யாவும் உந்தியிலிருந்து எழும் காற்றினால் பிறப்பவை என்று விளக்கிய வேளையில், மாடிப்படிகளில் ஓடி வந்து வாசலில் நின்றான். "ஏன் தாமதம்?" என்றேன். பதில் இல்லை. மீண்டும் கேட்டேன். மார்பு ஏறி இறங்க, என்னைப் பார்த்தபடியே நின்றான். திமிர் என்று கருதி வெளியே அனுப்பிவிட்டேன்.

1928-இல் மருத்துவர் சௌரி முத்து நிறுவிய காசநோய் மருத்துவமனையால் பெயர் பெற்றது தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம். அதை நாள்தோறும் கடப்பவன் நான். ஆயினும் மூச்சைப் பற்றி இப்போதுதான் தேடிப் படித்தேன்.

இத்தகைய சிறு உழைப்பில் குருதியின் உயிர்வளி பெரிதாகக் குறைவதில்லையாம். ஓய்வில் மூச்சின் அளவை முதன்மையாகத் தீர்மானிப்பது கரியமிலவாயுவே என்று 1905-இல் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் காட்டினர். படியேறும்போதோ, அவ்வாயு மிகுந்து நுரையீரலை எட்டுமுன்பே மூச்சு கூடிவிடுகிறது. கால்களை இயக்கும் மூளையின் கட்டளையும், தசைகளிலிருந்து செல்லும் நரம்புச் செய்தியும் மூச்சையும் உடன் தூண்டுவதாகக் கருதுகிறார்கள். நின்றதும் அத்தூண்டல் விலக, மூச்சு சில நொடிகளில் சட்டெனக் குறைகிறது. எஞ்சியது சில நிமிடங்களில் மெல்லத் தணிகிறது. தசைகளில் உண்டான கரியமிலவாயு அதற்குள் வெளியேற வேண்டும். தூண்டல் நின்ற பின்னும் மூளைத்தண்டின் நரம்பணுக்கள் சற்று நேரம் இயங்குகின்றன, அடித்து ஓய்ந்த மணியின் ரீங்காரம் போல. மூச்சு தடுமாறாமல் படிப்படியாகத் தணிவது அதனால்தான்.

பேச்சு பிறப்பது வெளிமூச்சில். பேச வேண்டுமானால் வெளிமூச்சை நீட்டி, உள்மூச்சைச் சுருக்க வேண்டும். இரைக்கும் உடல் அதற்கு உடனே இசையாது. உந்தியிலிருந்து எழும் காற்றைப் பற்றிப் பாடம் சொன்னவனுக்கு, எதிரில் நின்றவனின் காற்று தெரியவில்லை.

இனித் தாமதமாக வருபவர்களை முதலில் உட்காரச் சொல்வேன். காரணம் கேட்பது வகுப்பு முடிந்த பிறகுதான்.

அந்த மாணவன் மறுநாள் உரிய நேரத்துக்கு வந்தான். முதல் நாள் ஏன் ஓடி வந்தான் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.