கிளிமூக்குக்கு எத்தனை மார்க்?

ஒரு சேவலை அழகு என்று சொல்லிவிடலாம். அந்த அழகுக்கு நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்கும்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடக்கும் கோழிக் கண்காட்சிகளில் நடுவர் முதலில் கண்ணால் பார்ப்பார், பிறகு கையால் பார்ப்பார். கூண்டிலிருந்து தலை முன்னே வரும்படி பறவையை எடுத்து, நெஞ்செலும்பை உள்ளங்கையில் உட்கார வைத்து, இரண்டு காலையும் விரலிடுக்கில் பிடித்துக்கொள்வார். அப்படிப் பிடித்தால் முரட்டுச் சேவலும் அடங்கிவிடும். இன்னொரு கையால் இறக்கையை விரிப்பார். இறகு வரிசையில் நடுவே இடைவெளி விழுந்திருந்தால் குறை. ஒற்றைக் கொண்டையின் பக்கவாட்டில் ஒரு முளை கிளம்பியிருந்தால் போட்டியிலிருந்தே வெளியே. கால் மொழுமொழுவென்று இருக்க வேண்டிய இனத்தில் ஒரு குட்டி இறகு முளைத்திருந்தாலும் வெளியே. வால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலும் அப்படித்தான். முந்தின நாள் சேவலை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, கொண்டையில் வாசலின் தடவிக் கொண்டுவரலாம், தப்பில்லை. இறகுக்குச் சாயம் அடித்தால் தப்பு.

திண்டுக்கல் பக்கம் நடக்கும் கிளிமூக்கு, விசிறிவால் சேவல் கண்காட்சிகளில் இத்தனை சடங்கு கிடையாது. ஒரு திடலில் காலில் கயிறு கட்டிய சேவல்கள் வரிசையாக நிற்கும். மூக்கு கிளிக்கு இருப்பதுபோல் வளைந்து கீழிறங்கியிருக்கும். வால் தரையைத் தொடும். அசில் இனத்தைச் சேர்ந்தவை. 'அசில்' என்பது அரபுச் சொல், தூய வம்சம் என்று பொருள். நாம் 'அசல், நகல்' என்கிறோமே, அந்த அசலும் இதே வேர்தான். அங்கே ஒருவரும் கறுப்புச் சேவல் என்று சொல்ல மாட்டார். காகம் என்பார். மயில், கீரி, வல்லூறு, நூலான், பேடு என்று நிறத்துக்கே ஒரு தனி அகராதி புழங்கும். நல்ல சேவலுக்கு விலை லட்சத்தில் பேசுவார்கள்.

நான் சேவல் வளர்ப்பவன் இல்லை. என் தாய்மாமா வளர்க்கிறார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், நான்கு வருடமாக நடுவர் பின்னாலேயே அட்டையும் பேனாவுமாக நடந்து மார்க் எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவர் சேவல் முன்னால் குந்துவார். கொஞ்ச நேரம் பேச மாட்டார். பிறகு, "மூக்கு இருவது. வாலு பதினெட்டு. நிப்பு... ஒம்போது போடு" என்பார். நிப்பு என்றால் நிற்கும் விதம். ஏன் ஒன்பது என்று கேட்டால், "நிக்கல தம்பி, சும்மா இருக்கு" என்று பதில் வரும். முதல் வருடம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் வருடம் நிற்கிற சேவலுக்கும் சும்மா இருக்கிற சேவலுக்கும் வித்தியாசம் எனக்கே தெரிய ஆரம்பித்தது.

போன முறை சண்டை வந்தது. சேவல்களுக்குள் இல்லை, ஆட்களுக்குள். ஒரு நடுவர் மூக்குக்கு இருபத்தைந்துக்குப் போட்டார், இன்னொருவர் இருபதுக்குப் போட்டார். தோற்றவரின் பங்காளிகள் மேடைக்கே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் கமிட்டிக்காரர்கள் என்னிடம் சொன்னார்கள்: "நீ படிச்ச புள்ள. எது எதுக்கு எத்தன மார்க்குன்னு ஒரு தாளு அடிச்சுக் குடு. எல்லா நடுவரும் அதப் பாத்துப் போடட்டும்."

ஒரு தாள்தானே என்று உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இப்படித் தாள் எழுதியவர்கள் என்ன செய்தார்கள், அதற்குப் பிறகு கோழிகள் என்ன ஆயின என்று தேடிப் படிக்கப் படிக்க, கை நின்றுவிட்டது.

இங்கிலாந்தின் கதை நம் கதை மாதிரியேதான் தொடங்குகிறது. அங்கும் சேவல் என்றால் முதலில் சண்டை. 1835-இல் சட்டம் போட்டுச் சேவல்கட்டைத் தடுத்தார்கள், 1849-இல் சட்டம் இன்னும் இறுகியது. இடையில், 1845-இல், லண்டன் விலங்கியல் பூங்காவில் ஒரு கோழிக் கண்காட்சி நடந்தது. சீனாவிலிருந்து வந்த பெரிய பெரிய கோழிகளை விக்டோரியா ராணியே வளர்த்த காலம். ஊரே கோழிப் பித்துப் பிடித்து அலைந்தது. பித்து பெருகப் பெருகத் தகராறும் பெருகியது. எது நல்ல கோழி? யார் சொல்வது? அந்தத் தகராறைத் தீர்க்க 1865-இல் ஒரு புத்தகம் வந்தது. ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும், எந்த உறுப்புக்கு எவ்வளவு மார்க் என்று சொல்லும் புத்தகம். அதைத் தொகுத்தவர் டெகெட்மையர். கோழி, புறா விஷயங்களில் சார்லஸ் டார்வினுக்குத் தகவல் தந்து உதவியவர் இவர். அமெரிக்காவில் 1873-இல் சங்கம் தொடங்கி, அடுத்த வருடமே தங்கள் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். அது இன்றும் புதுப்புதுப் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது.

சண்டை நின்ற பிறகு சண்டைச் சேவல் என்ன ஆனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அது கண்காட்சிக் கூண்டுக்குள் வந்தது. உயரமான சேவலுக்குப் பரிசு கொடுத்தார்கள். அடுத்த வருடம் இன்னும் உயரமானது வந்தது. மலாய் இனத்தோடு சேர்த்துக் காலை நீட்டினார்கள், கழுத்தை நீட்டினார்கள். சில பத்தாண்டுகளில் கொக்கு மாதிரி நெட்டைக்கால்களில் நிற்கும் ஒரு புது இனம் உருவாகிவிட்டது. மாடர்ன் கேம் என்று பெயர். சண்டைச் சேவலின் பெயர் அப்படியே இருந்தது, உடம்பு மட்டும் வேறு. பழைய உருவத்தை விட மனசில்லாதவர்கள் தனியாகப் பிரிந்து, ஓல்ட் இங்கிலீஷ் கேம் என்ற பெயரில் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

யாரும் திட்டம் போட்டுச் செய்த காரியமில்லை இது. நடுவர் ஒவ்வொருவரும் அன்றைக்குத் தன் முன்னால் நின்றதில் சிறந்ததைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார். ஆனால் பரிசு வாங்கிய சேவலிடம்தான் எல்லோரும் பெட்டையைக் கொண்டுபோய் விடுவார்கள். அடுத்த வருடத்துக் குஞ்சுகளுக்கு எல்லாம் அப்பன் அதுதான். இன்று போடுகிற மார்க் இரண்டு வருடம் கழித்து இன்னொரு உடம்பில் முளைத்து வரும்.

எழுதி வைத்த விதி பறவையை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு இன்னும் உதாரணங்கள் உண்டு. பார்டு பிளிமத் ராக் என்ற அமெரிக்கக் கோழிக்கு உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டுக்கான மரபணு சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்று. அதனால் சேவல் இயல்பாகவே வெளுப்பாக இருக்கும். ஆனால் கண்காட்சியில் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஒரே ஜோடியிலிருந்து அப்படிப் பிறக்காது. வளர்ப்பவர்கள் என்ன செய்தார்கள்? சேவலை ஜெயிக்க வைக்க ஒரு வம்சம், பெட்டையை ஜெயிக்க வைக்க வேறொரு வம்சம் என்று தனித்தனியாக வளர்த்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் ஜோடிபோல் நிற்கும் இரண்டும் வேறு வேறு குடும்பம்.

இதிலாவது உயிர்ச்சேதம் இல்லை. ஜப்பானின் சாபோ குட்டைக் கோழிக்குக் கால் இவ்வளவுதான் இருக்கும், வயிறு தரையை உரசும். பார்க்கக் கொள்ளை அழகு. அந்தக் குட்டைக்காலைத் தரும் மரபணுவை அப்பனிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றுமாகப் பெற்ற குஞ்சு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்த்தால், சராசரியாக நாலில் ஒரு கரு பொரிக்காது. போலிஷ் என்ற இனத்துக்குத் தலையில் பூப்பந்து மாதிரி கொண்டை இறகு. பந்து பெரிதாக இருந்தால் பரிசு. பந்து பெரிதானால் கண் மறையும். பருந்து வந்தாலும் தெரியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு மாமா வீட்டுக் கொல்லைக்குப் போனேன். அவருடைய காகம் இரண்டு முறை பரிசு வாங்கியது. மூக்கு அப்படி ஒரு வளைவு. மாமா அதற்கு ஆழமான கிண்ணத்தில் கம்பு போட்டு வைத்திருந்தார். பக்கத்தில் நாட்டுக்கோழிகள் தரையில் கொத்தித் தின்றுகொண்டிருந்தன.

"இதுக்கு ஏன் மாமா கிண்ணத்துல?"

"தரையில கெடந்தா எடுக்க மாட்டேங்குது மாப்ள. மேல் மூக்கு முட்டுது. கிண்ணத்துல நெறையப் போட்டா அள்ளிக்கும்."

"இதோட குஞ்சு?"

"குஞ்சும் அப்பன் மாதிரிதான்." சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. சொல்லி முடித்ததும் அது கொஞ்சம் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

2011-இல் வந்த 'ஆடுகளம்' படத்தில்தான் நம்மில் பலர் சேவற்கட்டைப் பார்த்தோம். விலங்குகளையும் பறவைகளையும் மோதவிடுவது 1960-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். கத்தி கட்டிக் குடல் சரியும் விளையாட்டைவிட, காலில் கயிறோடு வெயிலில் அழகாக நிற்கும் போட்டி எவ்வளவோ மேல். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கட்டில் ஒரு விஷயம் இருந்தது. அங்கே நோஞ்சான் சேவலை யாரும் கொண்டுவர முடியாது. ஓடத் தெரியாதது, தின்னத் தெரியாதது, மூச்சு வாங்குவது எதுவும் நிற்காது. கொடூரமான சோதனைதான், ஆனாலும் சோதனை. அதை எடுத்த இடத்தில் நாம் எதையும் வைக்கவில்லை. மூக்கு எவ்வளவு வளையலாம் என்று கேட்க இப்போது ஆளில்லை.

நான் எழுதிய தாளில் மூக்குக்கு பதினைந்து. வாலுக்கு பதினைந்து. கழுத்து, கண், கொண்டை, நிறம், உயரம் என்று பிரித்து நாற்பது. நிப்புக்குப் பத்து. மிச்சம் இருபதை நடைக்கும் தீனிக்கும் வைத்தேன். சேவலைக் கயிற்றை அவிழ்த்து நாலு எட்டு நடக்கவிட வேண்டும். ஒரு கைப்பிடி கம்பைக் கெட்டித்தரையில் இறைக்க வேண்டும். கொத்தி எடுத்தால் மார்க். மூக்கு கீழ் அலகைத் தாண்டித் தொங்கித் தீனி எடுக்க முடியவில்லை என்றால், வளைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் மூக்குக்கும் மார்க் பாதிதான்.

கமிட்டியில் ஒருவர் சிரித்தார். "அழகுப் போட்டியில சாப்பாட்டுப் போட்டியுமா?" இன்னொருவர் இருபது அதிகம், பத்து போதும் என்றார். மார்க் போட்டுப் பழகிய பெரியவர் மட்டும் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "வெறும் வயித்துலதான வரும் சேவலு? அப்பக் கண்டிப்பாத் திங்கணும்" என்று சொல்லி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். முடிவு இன்னும் சொல்லவில்லை.

மாமாவுக்கும் ஒரு நகல் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தார்.

"இப்படிப் போட்டா என் காகம் தோத்துரும்ல?"

"தோத்துரும் மாமா."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த வருசமே கொண்டாந்துராதீங்கடா. ஒரு ரெண்டு ஈத்து டயம் குடுங்க" என்றார். பிறகு எழுந்து போய், மூக்கு அவ்வளவாக வளையாததால் குழம்புக்கு என்று ஒதுக்கியிருந்த ஒரு பெட்டையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.