சத்திரங்கள் போட்ட பாதை

பிரான்ஸின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலையடியில், சேன் ஜான் பியெ த போர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து மலையேறி, வட ஸ்பெயினை மேற்கு நோக்கிக் கடந்து, கலீசியாவின் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா பேராலயத்தில் போய்ச் சேர்கிறது ‘காமினோ’ எனப்படும் யாத்திரைப் பாதை. ஏறத்தாழ 780 கிலோமீட்டர். இயேசுவின் சீடரான யாக்கோபு, தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்குபவர், அந்தப் பேராலயத்தில் அடக்கமாகியிருக்கிறார் என்பது 9ஆம் நூற்றாண்டு முதல் வரும் நம்பிக்கை. இன்று இதில் நடப்பவர்கள் இரு வகை. முழுச் சுமையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஐந்து வாரம் நடப்பவர்கள் ஒரு வகை. பயண நிறுவனத்துக்குப் பணம் கட்டி, வழிகாட்டியோடு சிறு குழுவாக, தண்ணீரும் மழைச்சட்டையும் மட்டும் வைத்த பையோடு ஒன்றிரண்டு வாரம் நடப்பவர்கள் இன்னொரு வகை. இவர்களுடைய பெட்டிகள் காலையிலேயே வேனில் ஏறி அடுத்த ஊர் ஓட்டலுக்குப் போய்விடும். முதல் வகையினரில் பலர் இரண்டாம் வகையினரை யாத்ரிகர் என்றே ஒப்புவதில்லை. அந்த மறுப்பு பாதையின் வரலாற்றோடு பொருந்தவில்லை என்பது என் வாதம். பிறர் உதவியால் நடப்பது இங்கே புதுப் பழக்கம் கிடையாது. உதவி செய்தவர்களின் கையால் உருவான பாதைதான் இது. கேட்க வேண்டிய கேள்வி அந்த உதவி யாருக்குக் கிடைக்கிறது என்பதே.

முதல் நாள் ஏற்றத்திலேயே சான்று தொடங்கிவிடுகிறது. சேன் ஜானிலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே ஏறி மறுபுறம் இறங்கினால் ரொன்ஸெஸ்வாயெஸ். 778இல் சார்லமேனின் பின்காவல் படை அழிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கணவாய் இது. மலைமேல் செல்லும் இந்த வழி பனிக்கு அஞ்சி நவம்பர் முதல் மார்ச் வரை இன்றும் மூடப்படுகிறது. அங்கே 12ஆம் நூற்றாண்டில் பாம்ப்லோனாவின் ஆயர் ஒரு சத்திரம் எழுப்பினார். அதைப் புகழ்ந்து அக்காலத்தில் எழுந்த இலத்தீன் பாடலொன்று, நோயாளிக்கும் நலமானவருக்கும், கத்தோலிக்கருக்கும் யூதருக்கும் வேற்று மதத்தாருக்கும் அந்தக் கதவு திறந்திருந்ததாகச் சொல்கிறது. வந்தவர்களுக்குக் கால் கழுவிவிட்டார்கள், சவரம் செய்துவிட்டார்கள். மலையில் களைத்து வந்தவனைப் பார்த்து, நீ போதிய அளவு வருந்தினாயா என்று எவரும் கேட்டதாகச் செய்தியில்லை.

அதே 12ஆம் நூற்றாண்டில்தான் இந்தப் பாதைக்கு வழிகாட்டி நூலும் வந்துவிட்டது. ‘கோடெக்ஸ் கலிக்ஸ்தினுஸ்’ எனப்படும் தொகுப்பின் ஐந்தாம் பகுதி அது; எமெரிக் பிக்கோ என்ற பிரெஞ்சுத் துறவி எழுதியதாகப் பலர் கருதுகிறார்கள். எந்த ஆற்றில் தண்ணீர் குடிக்கலாம், எங்கே சுங்கக்காரர்கள் தடியோடு வந்து நிற்பார்கள், எங்கே படகோட்டிகள் ஏமாற்றுவார்கள் என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. எஸ்தெய்யா ஊருக்கு முந்தைய உப்பாற்றின் கரையில் நவார் பகுதிக்காரர்கள் கத்தி தீட்டிக்கொண்டு காத்திருந்தார்களாம், அந்த நீரைக் குடித்துச் சாகும் குதிரைகளின் தோலை உரிப்பதற்கு. பிரனீஸிலிருந்து சந்தியாகோவரை பதின்மூன்று கட்டங்களாக அந்நூல் வழியைப் பிரிக்கிறது. எஸ்தெய்யாவிலிருந்து நாஹெரா, நாஹெராவிலிருந்து புர்கோஸ் ஆகிய இரண்டு கட்டங்களும் குதிரையில் செல்வோருக்கானவை என்று அதுவே குறிக்கிறது. ஆக, இந்தப் பாதையின் மிகப் பழைய வழிகாட்டியே காலால் மட்டும் கடந்தாக வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. குழுப் பயணமும் புதிதல்ல. 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கப்பல்காரர்கள், இத்தனை யாத்ரிகரை ஏற்றிச் செல்லலாம் என்று அரசிடம் உரிமம் வாங்கிக்கொண்டு லா கொருன்யா துறைமுகத்துக்கு ஓட்டினார்கள். மார்ஜரி கெம்ப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1417இல் பிரிஸ்டலிலிருந்து கப்பலேறித்தான் சந்தியாகோவுக்குப் போனார். அவர் யாத்ரிகர்தான் என்பதில் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை.

பாம்ப்லோனாவைத் தாண்டி அர்கா ஆற்றில் வளைவுகள் வரிசையாக நிற்கும் புவெந்தே லா ரெய்னா பாலம், யாத்ரிகர் படகோட்டிகளிடம் சிக்காமல் கடப்பதற்காக 11ஆம் நூற்றாண்டில் நவார் அரசியொருத்தி கட்டுவித்ததாகச் சொல்லப்படுவது. அடுத்து வரும் எஸ்தெய்யா, 1090இல் மன்னர் சாஞ்சோ ராமிரெஸ் பிரெஞ்சு வணிகர்களைக் குடியேற்றி உருவாக்கிய ஊர். யாத்ரிகர்களுக்கு விற்பதற்காகவே நிறுவப்பட்ட சந்தை அது. வணிகம் புனிதத்தைக் கெடுத்துவிட்டது என்போர் இந்த ஊரைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. காசுக்கு ரொட்டியும் செருப்பும் கிடைத்ததால்தான் ஏழையும் வழியில் சாகாமல் போய்ச்சேர முடிந்தது. வணிகம் ஏமாற்றியதும் உண்டு. ஆனால் வணிகமே இல்லாத தூய காமினோ ஒன்று எந்த நூற்றாண்டிலும் இருந்ததற்குச் சான்றில்லை.

இந்தப் பாதையில் நான் மிகவும் மதிக்கும் மனிதர் நவாருக்கு அடுத்த மாநிலமான ரியோஹாவில் வாழ்ந்தவர். பெயர் தொமிங்கோ, 11ஆம் நூற்றாண்டுக்காரர். துறவியாக விரும்பி மடங்களின் கதவைத் தட்டியபோது அவரைச் சேர்க்கவில்லை. ஓஹா ஆற்றங்கரைக் காட்டில் தனியே குடியேறினார். யாத்ரிகர் சேற்றிலும் வெள்ளத்திலும் படும் பாட்டைப் பார்த்துக் காடு வெட்டினார், கல் பாவிய சாலை போட்டார், பாலம் கட்டினார், சத்திரம் நடத்தினார். அவர் 1109இல் இறந்தபின் அந்த இடம் வளர்ந்து ஊரானது; சாலை போட்ட புனித தொமிங்கோ என்ற பொருளில் சாந்தோ தொமிங்கோ தெ லா கல்ஸாதா என்று பெயரும் பெற்றது. அவருக்குத் துணைநின்ற ஹுவான் தெ ஒர்தேகா, திருடர்களுக்குப் பேர்போன ஓகா மலைக்காட்டின் நடுவே சத்திரமும் ஆலயமும் எழுப்பினார். நடந்தவர்களைவிட நடப்பவர்களுக்கு வழி செய்தவர்களைத் திருச்சபை இங்கே புனிதர்களாக்கியிருக்கிறது. ஸ்பெயினின் சிவில் பொறியாளர்களுக்கு இன்று பாதுகாவலர் இந்தத் தொமிங்கோதான்.

அவர் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேர நடையில் கிரான்யோன் வருகிறது. அங்கே பங்கு ஆலயத்தை ஒட்டிய விடுதியில் தரையில் மெத்தை விரித்துப் படுக்கலாம்; எல்லாரும் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடலாம். கட்டணம் இல்லை. காணிக்கைப் பெட்டி திறந்தே இருக்கும்: முடிந்ததைப் போடலாம், தேவைப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம். பாதையெங்கும் இப்படிப்பட்ட அல்பெர்கேக்கள், அதாவது யாத்ரிகர் விடுதிகள், தன்னார்வலர்களால் நடக்கின்றன. வேனில் பெட்டி அனுப்பும் குழுவினர் இங்கே பொதுவாகத் தங்குவதில்லை. துணை வண்டியோடு வருபவர்களுக்கு இத்தகைய விடுதிகளில் இடம் கொடுக்காதது நெடுங்கால வழக்கமும்கூட. நான் அந்த வழக்கத்தின் பக்கம் நிற்கிறேன். ஓட்டலுக்குப் போக முடிந்தவர் ஓட்டலுக்குப் போவதால் ஏழைக்கான படுக்கை ஏழைக்கே மிஞ்சுகிறது. வழிகாட்டிக் குழு செய்யக்கூடிய தவறு ஓட்டலில் தங்குவதில் இல்லை. காணிக்கைச் சத்திரத்தின் வாசலில் நின்று, கதை கேட்டு, படம் எடுத்து, எதுவும் போடாமல் நகர்வதில்தான் இருக்கிறது.

புர்கோஸைக் கடந்தால் மெஸெத்தா. லெயோன் வரையில் கோதுமை வயலும் வானமும்தான். கரியோன் ஊருக்கு மேற்கே 17 கிலோமீட்டர் பழைய ரோமானியச் சாலையில் ஓர் ஊர்கூடக் கிடையாது. வழிகாட்டியோடு வரும் பயணங்களில் பல, இந்தப் பகுதியைப் பேருந்தில் தாண்டிவிடுகின்றன. இங்கே எதிர்த்தரப்பின் குறை நியாயமானது. அழகான மலையும் பேர்பெற்ற பேராலயமும் மட்டும் பொறுக்கியெடுத்துக் கோத்தால் பாதை துண்டாகிவிடும். நடையின் கடுமை குறைவதைவிட எனக்குப் பெரிதாகத் தெரியும் இழப்பு வேறு. கஸ்த்ரோஹெரிஸுக்கு முன்னால் சாலையின் மேலேயே வளைவு கவிந்து நிற்கும் சான் அந்தோன் இடிபாடு, ரை தானியத்தில் பூஞ்சை ஏறியதால் வரும் ‘அந்தோணியார் நெருப்பு’ என்ற கொடிய நோய்க்கு மருத்துவம் பார்த்த துறவிகளின் மடம். யாத்ரிகருக்கு ரொட்டி வைத்த மாடக்குழிகள் சுவரில் இன்னும் இருக்கின்றன; உதவியின் அந்தத் தடத்தைப் பேருந்தில் போகிறவர் காண்பதில்லை. இந்த வெட்டவெளியின் சிற்றூர்கள் மக்கள் வெளியேறி ஒடுங்கி வருபவை. நடப்பவர் வாங்கும் காப்பியும் ரொட்டியும் அங்கே ஒரு கடையைத் திறந்து வைத்திருக்கப் போதுமானவை. பேருந்தில் தாண்டும்போது சொகுசு பயணிக்கு. நஷ்டம் அந்த ஊருக்கு.

லெயோனையும் அஸ்தோர்காவையும் விட்டுப் பாதை மறுபடி மலை ஏறுகிறது. ஃபொன்ஸெபதோனில் கௌஸெல்மோ என்ற துறவி பனியில் சிக்குபவர்களுக்காகச் சத்திரம் வைத்தார். உச்சியில், 1,500 மீட்டர் உயரத்தில், கம்பத்தின் மேல் இரும்புச் சிலுவை. அடியில் யாத்ரிகர் ஊரிலிருந்து கொண்டுவந்து போட்ட கற்குவியல். மறுபுறம் இறங்கும் எல் அஸெபோ ஊராருக்கு அரசு வரிவிலக்கு அளித்திருந்தது. பனி மூடும் காலத்தில் வழி தெரியக் கழிகள் நட்டுப் பராமரிப்பது அதற்கு அவர்கள் செய்ய வேண்டிய வேலை. வழிகாட்டுவதைக் கூலிக்குச் செய்வது புனிதத்துக்கு இழுக்கு என்றால், இந்த ஊரே இழுக்குக்கு ஆளானது. ஆனால் அந்தக் கழிகள் எத்தனை உயிரைக் காத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வருத்தம்தான் யாத்திரையின் சாரம், நோகாமல் நடந்தவனுக்குப் பலனில்லை என்பது கடைசியாக நிற்கும் மறுப்பு, வலிமையானதும் இதுவே. ஊர்விட்டு ஊர் வந்து உடலை வருத்துவதில் மனம் மாறுகிறது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த வருத்தத்தை அளந்து சான்றிதழ் தரும் உரிமையைத் திருச்சபையேகூடக் கறாராகக் கையாளவில்லை. வில்யாஃப்ராங்கா தெல் பியெர்ஸோவில் சந்தியாகப்பர் ஆலயத்தின் வடபுறத்தில் மன்னிப்பின் வாசல் என்று ஒன்று இருக்கிறது. நோயால் மேற்கொண்டு மலையேற முடியாதவர்கள் அந்த வாசலை அடைந்தாலே, சந்தியாகோவை அடைந்தவர் பெறும் பலனைப் பெற்றதாகக் கொள்ளப்பட்டது. இன்னும் 180 கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருக்கும் இடம் அது. முழங்கால் தேய்ந்த எழுபது வயதுக்காரர் ஒருவர் பெட்டியை வேனில் அனுப்பிவிட்டு நடக்கிறார் என்றால், அவரைத் தடுக்க இடைக்காலத்தின் பேரைச் சொல்ல முடியாது.

மேலே ஓ ஸெப்ரெய்ரோ. கலீசியாவின் வாசல், ஓலைக்கூரை போட்ட வட்டக் கல்வீடுகள். இந்த மலையூரின் பங்குத்தந்தை எலியாஸ் வாலின்யா 1984இல் சாலைப்பணியில் மிஞ்சிய மஞ்சள் வண்ணத்தை வாங்கிக்கொண்டு, பாதை நெடுக அம்புக்குறி வரைந்தார். இன்று தனியாக நடக்கிறேன், எவர் துணையும் எனக்கு வேண்டாம் என்று சொல்பவரும் ஒவ்வொரு முச்சந்தியிலும் அந்தப் பாதிரியாரின் கைபிடித்துத்தான் திரும்புகிறார். 1986இல் யாத்திரை முடித்ததற்கான ‘கொம்போஸ்தேலா’ சான்றிதழ் பெற்றவர்கள் சுமார் 2,500 பேர். 2024இல், எல்லா வழிகளிலும் வந்தவர்களைச் சேர்த்து, ஏறத்தாழ 5 லட்சம். 1987இல் ஐரோப்பிய கவுன்சிலும் 1993இல் யுனெஸ்கோவும் கொடுத்த அங்கீகாரம் இதற்கு உதவியது. ஆனால் அம்புக்குறி இல்லாமல் அங்கீகாரத்தால் மட்டும் யாரும் நடந்திருக்க முடியாது.

உண்மையான சிக்கல் சாரியாவில் தொடங்குகிறது. சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும். சாரியா அந்த எல்லைக்குச் சற்று வெளியே, சுமார் 115 கிலோமீட்டரில், இரயில் வசதியோடு இருக்கிறது. வழிகாட்டிப் பயணங்கள் பலவும் இங்கேதான் ஆளை இறக்குகின்றன. அணைநீரில் மூழ்கவிருந்ததால் 1960களில் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் எழுப்பிய போர்த்தோமரீன் ஆலயம், ஆக்டோபஸ் சமையலுக்குப் பேர்போன மெலிதே, யூகலிப்டஸ் காடுகள் என்று ஐந்தாறு நாளில் முடிந்துவிடும் துண்டு. இந்தத் துண்டில் கோடையில் இரவுக்கு இடம் கிடைப்பதே பாடு. முன்பதிவோடு வரும் குழுக்கள் தனியார் அறைகளை மாதக்கணக்கில் முன்னமே பிடித்துவிட, காசு குறைந்தவர் பொது விடுதிப் படுக்கைக்காக விடியுமுன் எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. நிறுவனங்களிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: அதே ஐந்தாறு நாளை மெஸெத்தாவிலோ ஃபொன்ஸெபதோன் மலையிலோ வையுங்கள். சான்றிதழ் கிடைக்காது என்றால், அதைப் பயணியிடம் முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள். மன்னிப்பின் வாசலை ஒப்புக்கொண்ட பாதைக்கு, பாதியில் நிற்கும் நடை அந்நியமானதல்ல.

சந்தியாகோவில் பேராலயத்தின் முன்சதுக்கத்துக்கு வந்து நின்றால் இடப்பக்கம் நீண்டிருப்பது, ஸ்பெயினின் அரச தம்பதி ஃபெர்டினாந்தும் இசபெல்லாவும் 1499இல் நிறுவிய அரச சத்திரம். யாத்ரிகர் மூன்று நாள் தங்கலாம், நோயாளிக்கு மருத்துவம் உண்டு என்று கட்டியது. இப்போது அது அரசு நடத்தும் ஐந்து நட்சத்திர ஓட்டல். வசதியான குழுப் பயணங்கள் கடைசி இரவை இங்கே வைத்துக்கொள்கின்றன. வந்து சேரும் யாத்ரிகரில் நாளுக்குப் பத்துப் பேருக்கு இலவச உணவு தரும் வழக்கத்தை ஓட்டல் விடாமல் வைத்திருப்பதைப் பலரும் மெச்சுகிறார்கள். ஐந்து லட்சம் பேர் வரும் ஊரில் பத்து என்பது மிகச் சிறிய எண். அங்கே தங்கும் ஒவ்வொரு குழுவின் கட்டணத்திலும் ஒரு பங்கை கிரான்யோன் போன்ற காணிக்கைச் சத்திரங்களுக்கு ஒதுக்குவது எந்த நிறுவனத்தையும் நொடிக்க வைக்காது. அப்படி ஒதுக்கும் நிறுவனத்தோடு நடப்பவரை, அவர் முதுகில் என்ன எடை இருந்தாலும், தொமிங்கோ தன் பாலத்தில் மறித்திருக்க மாட்டார்.