வலைக்கும் படிப்பு வேணும்

எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் கிழக்கே போனால் கடல், மேற்கே போனால் வாவி. புத்தகத்தில் மட்டக்களப்பு வாவி என்று எழுதினாலும் எங்கள் வாயில் அது ‘ஆறு’தான். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த நீர் இரண்டு இடங்களில் கடலோடு சேரும். ஒன்று பாலமீன்மடுப் பக்கம், மற்றது எங்கள் கல்லாற்றுப் பக்கம். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். மாரியில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களை வெள்ளம் முட்டும்போது மணலை வெட்டித் திறந்துவிடுவார்கள். கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வருவதும், வளர்ந்தபின் வெளியேறுவதும் அந்த வாயால்தான்.

இதையெல்லாம் ஆற்றில் தொழில் செய்பவர் கணக்கில் வைத்திருப்பார். தண்ணீர் உப்பா சப்பா, வாடை வீசுதா கச்சான் வீசுதா, நிலவு எத்தனை நாள், எல்லாமே அவருக்கு வேண்டும். ஒடுங்கிய தோணியில் நின்றபடி, வீச்சு வலையில் ஒரு பங்கை முழங்கையில் போட்டு, விளிம்பைப் பல்லில் கடித்து, ஈயக்குண்டுகள் வட்டமாக விழும்படி எறிய வேண்டும். தோணி சரியக் கூடாது. இந்தப் பழக்கம் கைக்கு வர வருடங்கள் செல்லும். “இண்டைக்கு மீன் படுமா ஐயா?” என்று கேட்டால், “ஆத்தப் பாத்தாத் தெரியாதா மனே? தண்ணி கலங்கிக் கிடக்கு. மறுகா பாரு” என்பார். அந்தப் பதிலில் தாழ்வு எதுவும் இல்லை. தன் தொழில் தெரிந்தவரின் மிடுக்குத்தான் இருக்கிறது.

ஆனால் வகுப்பில் பிள்ளைகளை மிரட்ட நாங்கள் எடுக்கும் ஆயுதமும் இதே வலைதான். “படிக்காட்டி வலை தூக்கத்தான் போவாய்.” சொல்பவருக்கு அக்கறைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் விடியப்புறம் வலை வீசி வந்த தகப்பனின் காசில் வாங்கிய கொப்பியோடு அதே வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறது. தன் வீட்டுச் சோறு மற்றவர்களுக்குத் தண்டனையாகத் தெரிவதை அது அன்றைக்கு அறிந்துகொள்கிறது.

படிப்புக்குப் பெரிய உதாரணம் தேடி நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. கல்முனையைத் தாண்டினால் காரைதீவு. 1892இல் அங்கே பிறந்த விபுலானந்த அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். அந்தப் பதவியில் இருந்துகொண்டே பக்கத்துத் திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குப் போய்ப் பணி செய்தார். 1947இல் வெளிவந்த தமது இசை ஆராய்ச்சி நூலான யாழ் நூலில், எங்கள் வாவியில் நிலாக்காலத்தில் எழும் ஓசையை நீரரமகளிரின் இசையாகப் பாடினார். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு, மறு நுனியைக் காதில் வைத்து அந்த ஓசையைக் கேட்கும் வித்தை தோணிக்காரருடையது. இசை ஆராய்ச்சிக்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் பாடம் நடந்தது ஒரே ஆற்றில்தான்.

‘உன் தொழிலில் பெருமை கொள்’ என்று மீன்பிடிகாரருக்கு உபதேசம் செய்வது விலாசம் மாறிய கடிதம். பெருமை அவரிடம் ஏற்கெனவே உண்டு. மரியாதைதான் எங்களிடமிருந்து போக வேண்டிய பாக்கி. மீன் வாங்கும்போது வயதில் மூத்தவரை “நீ” என்று கூப்பிடாமல் இருப்பதும், சுப்பர் மார்க்கெட்டில் ஒட்டிய விலைக்கு வாய் திறக்காதவர் வீதியோரத்தில் பத்து ரூபாய்க்குச் சண்டை பிடிக்காமல் இருப்பதும் அதில் அடங்கும். பிள்ளைக்குப் “படி” என்று சொல்ல நல்ல காரணங்கள் ஏராளம். பக்கத்து வாங்கில் இருப்பவனின் தகப்பனை இழுக்காமலே அவற்றைச் சொல்லலாம்.