ஒரே கடிகாரம், இரண்டு சூரியன்

புஜ்ஜிலிருந்து திப்ருகருக்கு நேர்கோட்டில் 2,580 கி.மீ. ஆனால் நேராகப் போக வழியில்லை

வரைபடத்தில் அளவுகோலை வைத்தால் கணக்கு சுலபம். மேற்குக் கோடியில் குஜராத்தின் கட்ச் மாவட்டத் தலைநகரான புஜ். கிழக்கே பிரம்மபுத்திராவின் கரையில் அசாமின் தேயிலை நகரமான திப்ருகர். நேர்கோட்டில் சுமார் 2,580 கி.மீ. ஜெட் விமானம் மூன்றரை மணி நேரத்தில் கடந்துவிடும். சிக்கல் ஒன்றுதான்: அப்படியொரு விமானம் கிடையாது.

புஜ்ஜிலிருந்து மும்பை வழியாகக் கிளம்புபவர் முதலில் தெற்கே போக வேண்டும். பிறகு வடக்கே டெல்லி. அதன் பிறகுதான் கிழக்கு. பறக்கும் தூரம் சுமார் 3,470 கி.மீ. ஆகிவிடும். வானில் கழிவது ஆறு மணி நேரம். மீதியெல்லாம் விமான நிலைய நாற்காலிகளில். ஓர் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால் ஓர் இரவும் போய்விடும். 2017இல் பறக்கத் தொடங்கிய 'உடான்' விமானங்கள் சிறு நகரங்கள் பலவற்றுக்கு வானத்தைத் திறந்துவிட்டன. ஆனால் அவை பெரும்பாலும் பக்கத்துப் பெருநகரம்வரைதான் கொண்டுபோய் விடுகின்றன.

இரண்டு ஓடுதளங்களுமே போரைப் பார்த்தவை. 1971 டிசம்பரில் பாகிஸ்தானின் குண்டுகள் புஜ் ஓடுதளத்தைச் சிதைத்தபோது, மாதாபர் கிராமத்தைச் சேர்ந்த சுமார் 300 பெண்கள் 72 மணி நேரத்தில் அதைச் செப்பனிட்டார்கள். திப்ருகரின் மோகன்பாரி தளத்திலிருந்து இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானங்கள் இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோயின. அவை போய்ச் சேர்ந்த குன்மிங் நகரம் அங்கிருந்து சுமார் 820 கி.மீ.தான். டெல்லிக்குள்ள தூரத்தில் பாதிகூட இல்லை.

தூரத்தைவிட விசித்திரம் நேரம். இரு ஊர்களுக்கும் இடையே 25 பாகைக்கு மேல் தீர்க்கரேகை வித்தியாசம். சூரியக் கணக்கில் 1 மணி 41 நிமிடம். கடிகாரக் கணக்கில் ஒன்றுமில்லை. டிசம்பர் தொடக்கத்தில் திப்ருகரில் மாலை நாலேகாலுக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. புஜ்ஜில் ஆறு மணிக்கும் வெயில் மிச்சமிருக்கும். அசாமின் தேயிலைத் தோட்டங்கள் இந்தியக் கடிகாரத்தை நம்புவதில்லை. ஒரு மணி நேரம் முந்திய 'பாகான் நேரம்' அங்கே வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். 2014இல் அப்போதைய முதல்வர் தருண் கோகோய் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுவர யோசனை சொன்னார். நடக்கவில்லை.

சுற்றுலாப் பயணிக்கு இதெல்லாம் சுவாரஸ்யமான தகவல்கள். கட்ச் எல்லையில் காவல் நிற்கும் அசாம் ஜவானுக்கு அப்படியல்ல. வீட்டில் ஒரு சாவு என்று விடியற்காலையில் தொலைபேசி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விடுப்பு உடனே கிடைத்து, மும்பையிலும் டெல்லியிலும் இணைப்பு விமானங்கள் தவறாமல் அமைந்தாலும், அவர் இறங்கும்போது ஊர் இருட்டியிருக்கும். சிதை அடங்கியிருக்கும்.

செய்தி ஒரு நொடியில் வந்துவிடுகிறது. மகன் வந்து சேரத்தான் பெருநகரங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.