பொதிகை மேகத்துக்கு ஒரு மடல்

பொதிகைமலை மேகமே,

பத்தமடையிலிருந்து எழுதுகிறேன். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் நீ. கீழே குனிந்தால் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர். உனக்கு நான் பட்ட கடன்களை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக ஒரு தவிப்பு.

மேகமே, முதல் கடன் என் உம்மாவின் தறியடியில் தொடங்கியது. எங்களுடையது பாய் நெய்கிற வீடு. ஆற்றங்கரையில் அறுத்த கோரையைப் பச்சையாக இருக்கும்போதே கீறிக் காயப்போட வேண்டும். பிறகு ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடியும் காயவைக்க வேண்டும். பட்டுப்பாய்க்கான கோரை நூலளவு மெலிசு. காய்கிற நேரத்தில் மழை விழுந்தால் நிறம் கெட்டுவிடும். அதனால் உம்மாவுக்குத் தறியில் ஒரு கண், உன்மேல் ஒரு கண். "ஏளா, மேக்க பாரு. மலை மறைஞ்சிட்டுன்னா கோரையை அள்ளி உள்ள போட்டுரு" என்பாள். வாசலுக்கு ஓடுவேன். மலை தெளிவாகத் தெரியும், கோரைக்கு ஆபத்தில்லை. ஆனாலும் திரும்பி வர மனம் வராது. உன் ஓரத்தில் வெயில் பட்டு வெளுப்பதையும், உன் நிழல் மலைச்சரிவில் நகர்வதையும் பார்த்துக்கொண்டே நிற்பேன். வேலைக்காகப் பார்க்கப் போன கண்ணுக்கு நீ கொடுத்த கூலி அந்தச் சந்தோஷம்.

மேகமே, ஆனி ஆடியில் நீ உச்சியை மூடிக்கொண்டு நிற்கும் அழகை என்ன சொல்ல! ஊருக்குள் காற்று கொடியில் கிடக்கும் சேலையை உருவிக்கொண்டு போகும். நீ மட்டும் அசையமாட்டாய். இது எப்படி என்று ஒரு நாள் உன் கீழ்விளிம்பை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பிசிறு பிரிந்து, சரிவில் கொஞ்சம் இறங்கி, கரைந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்து கரைந்தது. கேரளத்துப் பக்கம் ஏறுகிற ஈரக்காற்று மேலே போகப்போகக் குளிர்ந்து நீயாகிறது. 1,868 மீட்டர் உயர அகத்தியர் மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது சூடேறி நீ மறைகிறாய். அங்கே பிறந்துகொண்டும் இங்கே கரைந்துகொண்டும் இருப்பதைத்தான் நாங்கள் நிற்பதாக நினைத்திருக்கிறோம். அன்று பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

மேகமே, ஆடியில் உன் மழை எங்கள் ஊர்வரை வருவதில்லை. வந்தால் ஒரு சாரல், முற்றம் நனையாது. ஆனால் மலைக்குள் நீ கொட்டியது பாபநாசத்திலும் சேர்வலாற்றிலும் தேங்கி, தாமிரபரணியாய் இறங்கி, கன்னடியன் அணைக்கட்டில் திரும்பி, எங்கள் கார் நடவுக்கு வந்து சேரும். 143 அடி பாபநாசம் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று பேப்பரில் பார்க்கும் முன்பே, உன் கறுப்பைப் பார்த்துக் கணக்குப் போடும் விவசாயிகள் இங்கே உண்டு. தலைக்கு மேல் வெயில், கணுக்காலுக்குத் தண்ணீர், அப்படித்தான் இங்கே நாற்று நடுவார்கள். எங்கள்மேல் பெய்யாத மழையில் நாங்கள் சோறு தின்றோம். உனக்குப் பயந்து உம்மா அள்ளி உள்ளே போட்ட கோரையும் நீ வளர்த்த கோரைதான்.

மேகமே, லண்டனில் மருந்து தயாரித்துப் பிழைத்த லூக் ஹோவர்ட் என்பவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். 1802-இல் உன் இனத்தை வகைபிரித்து லத்தீனில் பெயர் வைத்தவர் அவர். தை மாதக் காலைகளில் வெகு உயரத்தில், கீறிக் காயப்போட்ட கோரை மாதிரி இழையிழையாகக் கிடப்பாயே, அதற்கு அவர் வைத்த பெயர் சிர்ரஸ். தொழில் ஒன்று, கண் போன இடம் இன்னொன்று. அவரை எங்கள் தெருக்காரராகவே நினைத்துக்கொள்கிறேன்.

மேகமே, 2023 டிசம்பர் 17, 18-ஐ மறைத்துவிட்டு உனக்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை. அன்று மழை வந்தது மேற்கிலிருந்து அல்ல, கிழக்குக் கடலிலிருந்து. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் ஆறு கரைகொள்ளாமல் போனது. அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் கிழக்கையும் பார்க்கிறேன். அந்தப் பார்வையில் பயம் இருக்கிறது. ஆனால் வானத்தைப் படிக்கப் பழகிய கண் நீ தந்தது, அது இப்போதும் உதவுகிறது.

மேகமே, உம்மாவால் இப்போது தறியில் குனிந்து உட்கார முடியவில்லை. புரை எடுத்துக் கண்கட்டுப் பிரித்த மறுநாளே மாடிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். கோரை எதுவும் காயவில்லை. சும்மாதான் பார்த்தாள், வெகுநேரம். இந்த வருடம் மாடியில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டேன். கார் நடவுக்கு அணை இன்னும் திறக்கவில்லை, நாற்றங்கால் தயாராக இருக்கிறது. சீக்கிரம் வந்து சேர்.

இப்படிக்கு,
பத்தமடைப் பாய்க்காரி மகள்