துடுப்பு யார் கையில்

தோழியின் வலது கை தோளுக்கு மேல் உயர்ந்ததைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. மார்பக அறுவை சிகிச்சை முடிந்து பல மாதங்கள் அந்தக் கையால் தலைகூட வாரிக்கொள்ள முடியாமல் இருந்தவள் அவள். இப்போது அதே கையில் ஒன்பதடித் தூண்டில் கோல். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைகளில், வில்லோவீமாக் ஓடையில், முழங்காலளவு நீரில் நின்றுகொண்டிருந்தோம். மே மாதம்தான், ஆனாலும் ரப்பர் உடையைத் தாண்டிக் குளிர் எலும்பில் ஏறியது.

மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களை இப்படி ஆற்றுக்கு அழைத்துப் போகும் ஓர் அமைப்பு, 1996இல் வெர்மான்ட் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. கோலை முன்னும் பின்னும் வீசும் அசைவு, அறுவைக்குப் பின் இறுகிப்போகும் தோள் தசைகளுக்குத் தரப்படும் பயிற்சியைப் போன்றது. அப்படித்தான் தோழியும் இதற்குள் வந்தாள். "டாக்டர் சொன்ன எக்சர்சைஸ செவுத்தப் பாத்துச் செய்யணும்டி. இத ஆத்தப் பாத்துச் செய்யலாம்ல?" என்றாள்.

நம் ஊர்த் தூண்டிலில் புழுவும் ஈயக்குண்டும் நூலை இழுத்துச் செல்லும். இங்கே தலைகீழ். இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈக்கு எடையே இல்லை. கனமான நூல்தான் அதைச் சுமந்து போக வேண்டும். கோலைப் பின்னால் வீசியதும், நூல் முதுகுக்குப் பின்னே முழுதாக விரியும்வரை காத்திருக்க வேண்டும். நான் ஒருமுறைகூடக் காத்திருக்கவில்லை. நூல் என் தொப்பியிலும் கரையோரப் புதரிலுமாகச் சிக்கியது. "யாரு உன்ன வெரட்டுறா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

மதியம் கரையில் அமர்ந்து சாப்பிடும்போது ஜோன் வுல்ஃப் பற்றிச் சொன்னாள். 1926இல் பிறந்தவர். 1951இல், ஆண்கள் மட்டுமே எதிரே நின்ற தொலைவீச்சுப் போட்டியில் வென்றவர். பின்னர் இதே மலைப்பகுதியில், பீவர்கில் ஆற்றங்கரையில், கணவருடன் சேர்ந்து வீச்சுக் கலைக்கென்று பள்ளி தொடங்கியவர். அவர் சிறுமியாக இருந்தபோது அப்பா மீன் பிடிப்பாராம், அம்மா துடுப்புப் போடுவாராம். படகு சரியான இடத்தில் நிற்காவிட்டால் அம்மாவுக்குத் திட்டு விழும். துடுப்புப் போடுவதைவிட மீன் பிடிப்பதே மேல் என்று அந்தச் சிறுமிக்கு அன்றே தோன்றிவிட்டது.

நான் எத்தனை படகுகளுக்குத் துடுப்புப் போட்டிருக்கிறேன்! கணவரின் தேர்வுக்காக வீட்டைச் சத்தமில்லாமல் வைத்திருந்த ஆண்டில் என் ஆய்வேடு அலமாரியில் கிடந்தது. கருத்தரங்குகளில் வரவேற்புரையும் நன்றியுரையும் எங்களுக்கு. நடுவிலுள்ள கட்டுரைகள் அவர்களுக்கு. மதிய உணவு தாமதமானால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது எங்களைத்தான்.

மாலையில் நீரின் மேல் மேஃபிளை பூச்சிகள் எழுந்தன. சிறகு முளைத்தபின் அவற்றுக்கு உண்ண வாய் இல்லை. ஓரிரு நாள் வாழ்வு. அவற்றைத் தின்ன ட்ரவுட் மேலே வந்தது. தோழியின் நூல் இறுகியது. கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட்டாள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடுமாம். பழுப்பு உடல், சிவப்புப் புள்ளிகள். "இது 1883ல ஜெர்மனியிலேருந்து முட்டையா வந்த எனம். என்ன மாதிரி வந்தேறி" என்று சிரித்தாள். முள்ளைக் கழற்றி, மூச்சு சீராகும்வரை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்திருந்து, விட்டாள்.

"பசிக்கில்லாம ஒரு உசிரோட வாயில முள்ள ஏத்துறது தப்பில்லையா?" என்று கேட்டேன். "தப்புதான்னு சில நாள் தோணும். அன்னிக்கு முள்ளில்லாம வீசுவேன்" என்றாள். என் மனம் அதில் முழுதும் சமாதானம் ஆகவில்லை. ஆனால் மீனே இல்லாமலும் அவள் ஆற்றுக்கு வருவாள் என்பது புரிந்தது.

எனக்கு ஒன்றும் சிக்கவில்லை. ஆறு மணிநேரம் யாருக்கும் எதுவும் செய்து தராமல் ஒரு நீரில் நின்றிருக்கிறேன் என்பது காரில் ஏறியபிறகுதான் உறைத்தது.

இரவு அவள் கை லேசாக வீங்கியிருந்தது. இறுக்கமான உறையை மெல்ல ஏற்றிவிட்டேன்.

"வலிக்குதா?"

"வலிக்குது. காலைல ஆறு மணிக்குக் கெளம்பிருவோமா?"