ஒரு கம்பி கற்பித்த பாடம்

சென்ற கோடை விடுமுறையில், குன்னத்தில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழம்பொருள் கிடைத்தது. மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த 'கேம்பாய்'! ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1989-ல் வெளியிட்ட கையடக்க விளையாட்டுப் பெட்டி அது. இரு பெட்டிகளைக் கம்பியால் இணைத்து இருவர் 'டெட்ரிஸ்' ஆடலாம். ஒருவர் ஒரே முறையில் நான்கு வரிசைகளை அழித்தால், எதிராளிக்கு அடியிலிருந்து நான்கு வரிசைகள் ஏறிவிடும்!

அந்தோ, பெட்டி இயங்கவில்லை. எனவே அதனைப் போலவே நடந்துகொள்ளும் 'எமுலேட்டர்' நிரலைக் கணினியில் ஏற்றி, அக்காளும் தங்கையுமாகிய நாங்கள் மாறி மாறி, அரியலூரிலுள்ள சித்தி மகளுடன் இணையவழி ஆடினோம். ஆட்டம் அடிக்கடி நின்றது. தோற்கும் வேளையில் அவள் வேண்டுமென்றே நிறுத்துகிறாள் என்று சினந்து, இரண்டு வாரம் அவளுடன் பேசவில்லை.

பின்னரே அண்ணன் விளக்கினார்: "அந்தக் கம்பியில் ஒரு பெட்டி தன் செய்தியை அனுப்பும்போதே மற்றதன் செய்தியையும் பெறும். இணையத்தில் அது வரத் தாமதமானால் எமுலேட்டர் காத்து நிற்கும்." குற்றம் அவளுடையதன்று, தொலைவினுடையது!

வெட்கத்துடன் அரியலூருக்குப் பேருந்து ஏறினோம். மன்னிப்புக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். அன்று ஒரே அறையில் இரு கணினிகள். ஆட்டம் ஒரு முறையும் நிற்கவில்லை. தோற்றவர்கள் நாங்களே!

அன்புத் தோழியரே, பதில் வரத் தாமதமானால் பழி கூறாதீர்கள், சற்றே காத்திருங்கள்.